கடைசி மூன்று அவுட்... விலை 6.9 கோடி டாலர்!

2022-ம் ஆண்டு, ஆகஸ்ட் 31. நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணியின் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸை விட மெட்ஸ் ஒரே ஒரு ரன் முன்னால் இருந்தது. ஸ்கோர் 2-1. டாட்ஜர்ஸுக்கு மிச்சம் இருந்தது கடைசி இன்னிங்ஸ் மட்டும்தான்.

மைதானத்தின் கோடியில் ஒரு கதவு திறந்தது. ஒல்லியான ஓர் இளைஞர் ஓடிவந்தார். அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. அவர் ஓடிவரும்போது வழக்கமாக ஒலிபெருக்கியில் கேட்கும் 'நார்கோ' பாட்டின் ட்ரம்பெட் இசையை, அன்றைக்கு டிம்மி ட்ரம்பெட் என்ற ஆஸ்திரேலியக் கலைஞரே நேரில் வந்து வாசித்தார். ஓடிவந்தவர் வேலையை முடித்துக் கொடுத்தார். மெட்ஸ் ஜெயித்தது.

அவர் பெயர் எட்வின் டியாஸ். போர்ட்டோ ரிக்கோ தீவின் நாகுவாபோ என்ற ஊரில் பிறந்தவர். அன்று இசையோடு வரவேற்ற அதே மைதானம்தான், மூன்று வருடங்களுக்கு முன்பு அவரைப் பார்த்து ஊளையிட்டது.

ஒரு இன்னிங்ஸ் மனிதர்

பேஸ்பாலில் ஒவ்வோர் அணிக்கும் 9 இன்னிங்ஸ். ஒரு இன்னிங்ஸுக்கு 3 அவுட். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் வீசிவிட்டு ஓய்ந்துவிடுவார். அதன் பிறகு வீச வேண்டியவர்கள், மைதானத்தின் ஓரம் வேலிக்குப் பின்னால் காத்திருப்பார்கள். அந்த இடத்துக்குப் பெயர் 'புல்பென்'. அங்கிருக்கும் பிட்சர்கள் கூட்டத்துக்கும் அதே பெயர்தான்.

அந்தக் கூட்டத்தில் கடைசியாகக் களமிறங்குபவர் 'க்ளோசர்'. அணி ஒன்று முதல் மூன்று ரன்கள் வரை முன்னால் இருக்கும்போது, 9-வது இன்னிங்ஸில் அவரை அழைப்பார்கள். மூன்று பேரை அவுட்டாக்கி வெற்றியைக் காப்பாற்றினால் அவர் கணக்கில் ஒரு 'சேவ்'. கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் ஆறு ரன்னைக் காப்பாற்றப் பந்தைக் கையில் வாங்கும் பௌலரின் நிலைமைதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. கிரிக்கெட் பௌலர் முதல் ஓவரிலும் வீசியிருப்பார், நடுவிலும் வீசியிருப்பார். க்ளோசருக்கு அந்தக் கடைசி ஓவர் மட்டும்தான் வேலை.

மற்ற எட்டு இன்னிங்ஸும் மற்றவர்கள் பாடுபட்டுச் சேர்த்ததை, பத்து நிமிடத்தில் இவர் தொலைத்துவிடலாம். காப்பாற்றினால், 'அதுக்குத்தானே சம்பளம்' என்பார்கள். தொலைத்தால், மறுநாள் எல்லோர் வாயிலும் இவர் பெயர்தான்.

ஊளையும் உழைப்பும்

சியாட்டில் மரைனர்ஸ் அணியில் இருந்தபோது, 2018 சீசனில் டியாஸ் எடுத்தது 57 சேவ். பேஸ்பால் வரலாற்றில் ஒரே சீசனில் அதைவிட அதிகம் எடுத்தவர் ஒருவர்தான். அந்த வருடக் கடைசியில், பெரிய எதிர்பார்ப்போடு மெட்ஸ் அவரைக் கொண்டுவந்தது.

வந்த முதல் வருடமே எல்லாம் தலைகீழ். 2019-ல் 58 இன்னிங்ஸ் வீசி 15 ஹோம் ரன் கொடுத்தார். ஏழு முறை, கையில் இருந்த வெற்றி நழுவிப்போனது. கதவு திறந்து அவர் வந்தாலே மெட்ஸ் ரசிகர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. 25 வயதுப் பையனுக்குச் சொந்த ஊர் ரசிகர்களே எதிரிகள்போல ஆனார்கள்.

அணி அவரைக் கைவிடவில்லை. அவரும் பந்தைக் கீழே வைக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு, 2022-ல் உச்சத்துக்கு வந்தார். 62 இன்னிங்ஸில் 118 ஸ்ட்ரைக் அவுட். அதாவது, அவர் எடுத்த ஒவ்வொரு மூன்று அவுட்டிலும் ஏறக்குறைய இரண்டு பேர், பந்தைத் தொட்டு ஆட்டத்துக்குள் அனுப்பக்கூட முடியாமல் திரும்பிப்போனார்கள். அந்த நவம்பரில் மெட்ஸ் ஐந்து வருடங்களுக்கு 10.2 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. புல்பென் பிட்சர் ஒருவருக்கு 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் ஒப்பந்தம் அது.

கொண்டாட்டத்தில் விழுந்த அடி

நான்கே மாதம். 2023 மார்ச் 15, மயாமி. உலக பேஸ்பால் கிளாசிக் போட்டியில் போர்ட்டோ ரிக்கோவுக்காக 9-வது இன்னிங்ஸ் வீசி, டொமினிக்கன் குடியரசை வெளியேற்றினார் டியாஸ். சக வீரர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டு குதித்தார்கள். அந்தக் குதியாட்டத்தில் டியாஸ் சரிந்து விழுந்தார். வலது முழங்கால் தசைநார் கிழிந்திருந்தது. அதே அணியில் இருந்த தம்பி அலெக்ஸிஸ், அண்ணன் கிடந்த கோலத்தைப் பார்த்துத் தேம்பி அழுதார்.

பந்து வீசும்போது அல்ல, ஜெயித்த சந்தோஷத்தில் வந்த காயம். அந்த சீசன் முழுவதும் அவர் வீசவில்லை. மெட்ஸ் அந்த வருடம் 75 வெற்றி, 87 தோல்வி என்று முடித்தது.

ஒரே நாளில் இரண்டும்

டியாஸ் யார் என்பதைச் சொல்ல ஒரு நாள் போதும் என்றால், அது 2024 செப்டம்பர் 30. ஒரு வெற்றி கிடைத்தால் மெட்ஸ் பிளே-ஆஃப் போய்விடும். அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிராக, அவர்கள் மைதானத்தில், 8-வது இன்னிங்ஸில் முன்னிலையைக் காக்க டியாஸ் வந்தார். காக்க முடியவில்லை. முதல் பேஸுக்கு ஓடிப்போய் நிற்க வேண்டிய சமயத்தில் ஓடாமல் விட்ட தவறும் சேர்ந்துகொண்டது. பிரேவ்ஸ் 7-6 என்று முந்தியது.

அடுத்து வந்த பிரான்சிஸ்கோ லிண்டோர், அவரும் போர்ட்டோ ரிக்கோக்காரர், இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து 8-7 ஆக்கினார். இனி 9-வது இன்னிங்ஸ். பந்து யார் கையில்? சற்று முன் கோட்டைவிட்ட அதே டியாஸ் கையில். மறுபடி நடந்துபோய் நின்றார். மூன்று அவுட்டும் எடுத்தார். மெட்ஸ் பிளே-ஆஃப் போனது.

டாட்ஜர்ஸ் வாங்கியது எதை?

2025 உலக சீரிஸை ஜெயித்தது டாட்ஜர்ஸ். ஆனாலும் அவர்களுக்குப் புல்பென் என்றாலே தலைவலி. நான்கு வருடங்களுக்கு 7.2 கோடி டாலர் கொடுத்து எடுத்த டேனர் ஸ்காட், அந்த சீசனில் பத்து முறை வெற்றியை நழுவவிட்டார். பிளே-ஆஃபில், தொடக்க பிட்சராக இருந்த ரோக்கி சசாக்கியைக் கடைசி இன்னிங்ஸுக்கு அனுப்பிச் சமாளித்தார்கள். இறுதி ஆட்டத்திலோ, முந்தின நாள்தான் ஆறு இன்னிங்ஸ் வீசிய யோஷினோபு யமமோட்டோ, மறுநாளும் வந்து கடைசிவரை வீசிக் கோப்பையை வாங்கிக்கொடுத்தார். எல்லா வருடமும் அப்படி ஓர் அதிசயத்தை நம்பிக்கொண்டிருக்க முடியாதே!

அதனால் 2025 டிசம்பரில் டியாஸை அழைத்துக்கொண்டது டாட்ஜர்ஸ். மெட்ஸ் ஒப்பந்தத்தில் மீதமிருந்த இரண்டு வருடங்களை விட்டுவிட்டு வந்தவருக்கு, மூன்று வருடங்களுக்கு 6.9 கோடி டாலர். புல்பென் பிட்சருக்கு வருடக் கணக்கில் இதுவரை இவ்வளவு யாரும் கொடுத்ததில்லை. ஒருகாலத்தில் ஊளையிட்ட ஊர்தான், அவர் போகிறார் என்றதும் மனம் உடைந்தது.

வேகமாக வீசும் கைகள் அமெரிக்காவில் நிறைய உண்டு. நேற்று தோற்ற இடத்தில் இன்று போய் நின்று, 'பந்தைக் கொடுங்கள்' என்று கேட்கிற மனசு குறைவு. 2019-ன் ஊளையும், மயாமியில் கிழிந்த முழங்காலும், அட்லாண்டாவின் அந்த ஒரு மணி நேரமும் எந்த ஒப்பந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. டாட்ஜர்ஸ் விலை கொடுத்தது அவற்றுக்கும் சேர்த்துத்தான்.