ஆசனம் எவருடையது?

பிரதிநிதித்துவ ஆட்சிமுறையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பொதுத் தேர்தலையே தம் ஆய்வுக்குப் பொருளாகக் கொள்வர். எந்தக் கட்சி எத்தனை ஆசனங்களைப் பெற்றது, வாக்குகள் எத்திசையிலே சாய்ந்தன என்பன விரிவாக ஆராயப்படும். ஆயின், ஒரு பொதுத் தேர்தலுக்கும் அடுத்த பொதுத் தேர்தலுக்கும் இடையிலே ஓர் உறுப்பினர் இறந்துவிட்டால், அல்லது பதவி துறந்தால், அல்லது கட்சியினின்றும் நீக்கப்பட்டால், அவருடைய ஆசனம் எவ்வாறு நிரப்பப்படுகின்றது என்னும் வினா அத்துணைக் கவனத்தைப் பெறுவதில்லை. அதனைக் கட்சிச் செயலாளருக்கும் தேர்தல் அலுவலகத்துக்கும் இடையே நடைபெறும் கடிதப் போக்குவரத்தாக மட்டுமே பலரும் கருதுகின்றனர். உண்மையிலே ஓர் ஆசனம் எவருடையது என்பது தெளிவாகத் தெரியவருவது அது வெறுமையாக இருக்கும் வேளையிலேதான். குடியிருந்தவர் வெளியேறிய பின் திறப்பு எவர் கைக்குப் போகின்றது என்பதைக் கொண்டே வீட்டுக்காரர் எவர் என்பதை அயலவர் அறிந்துகொள்வர்.

இலங்கையிலே 1978ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு வரும்வரையில், தொகுதிகளைப் பொறுத்தமட்டில், இத்திறப்பு வாக்காளர் கையிலேயே இருந்தது. சோல்பரி யாப்பின் கீழும், அதனை அகற்றி வந்த 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பின் கீழும் வெற்றிடம் ஏற்பட்ட தொகுதியிலே இடைத்தேர்தல் நடைபெறுதல் வேண்டும். கட்சி தன் வேட்பாளரை நிறுத்தலாம். ஆசனத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் உரிமை அதற்கு இருக்கவில்லை. இம்முறையின் வலிமையையும் அதன் குறையையும் ஒருங்கே காட்டுவது காங்கேசன்துறைத் தொகுதியின் வரலாறு. 1972ஆம் ஆண்டின் யாப்பை ஏற்க மறுத்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே தமது ஆசனத்தைத் துறந்தார். அந்த யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்றுக்கொண்டனரா என்பதைத் தேர்தல் மூலம் அறிந்துகொள்ளுமாறு அரசாங்கத்துக்கு அவர் அறைகூவல் விடுத்தார். அங்கே வெற்றிடம் தற்செயலாக ஏற்பட்டதன்று. மக்கள் முன் ஒரு வினாவை வைப்பதற்கெனவே உண்டாக்கப்பட்டது. அரசாங்கமோ இரண்டாண்டுகளுக்கு மேலாக அவ்விடைத்தேர்தலை நடத்தாது காலந் தாழ்த்தியது. ஈற்றில் 1975ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி வாக்கெடுப்பு நடைபெற்றபோது, கம்யூனிஸ்ற் கட்சியைச் சேர்ந்த வி. பொன்னம்பலத்தை எதிர்த்து, 16,000 இற்கும் மேற்பட்ட பெரும்பான்மையால் செல்வநாயகம் மீண்டும் தெரிவுசெய்யப்பட்டார். ஒரு தொகுதி மக்கள் இரண்டாண்டுகள் பிரதிநிதி இன்றி இருந்தனர் என்பது இம்முறையின் குறை. ஆயினும், அவர்களது விடையை அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் எழுதிக் கொடுக்க முடியவில்லை என்பது அதன் வலிமை.

1978ஆம் ஆண்டின் யாப்பு இந்நிலையை அடியோடு மாற்றியது. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் நடைமுறைக்கு வருமுன்னரே, 1977இலே தொகுதிவாரியாகத் தெரிவான உறுப்பினர்களுடைய வெற்றிடங்களுக்குக்கூட இடைத்தேர்தல் இல்லை என்றாயிற்று. விலகியவர் அல்லது இறந்தவர் எக்கட்சியைச் சேர்ந்தவரோ, அக்கட்சியின் செயலாளர் ஒருவரைப் பெயர் குறித்தனுப்பினாற் போதும். வாக்காளன் ஒரு மனிதரையோ அல்லது ஒரு கட்சியையோ தெரிவு செய்தான் என்ற பழைய விவாதத்திலே, அவன் தெரிவு செய்தது கட்சியையே என்று சட்டம் முடிவு கூறியது. அவ்வாறாயின், வாக்காளன் தெரிவு செய்த கட்சியினிடமாவது ஆசனம் நிலைபெற்றிருத்தல் வேண்டும் அன்றோ? பொத்துவில் தொகுதியின் அனுபவம் அதற்கும் மாறானது.

இரட்டை அங்கத்தவர் தொகுதியாகிய பொத்துவிலிலே 1977ஆம் ஆண்டு தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பிலே தெரிவானவர் எம். கனகரட்ணம். அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே அவர் ஐக்கிய தேசியக் கட்சியிற் சேர்ந்தார். 1978ஆம் ஆண்டு சனவரியிலே கொழும்பிற் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி, 1980ஆம் ஆண்டு காலமானார். வெற்றிடத்தை நிரப்பும் உரிமை ஐக்கிய தேசியக் கட்சிக்கே போயிற்று. அவருடைய சகோதரி இரங்கநாயகி பத்மநாதன் நியமிக்கப்பட்டார். அந்த அம்மையாரின் தகைமை இங்கே வினாவன்று. உதயசூரியன் சின்னத்துக்கு வாக்களித்த ஒரு மக்கட் கூட்டத்தினரின் ஆசனத்துக்கு, அவர்கள் வாக்களியாத ஒரு கட்சி, அவர்களை ஒரு சொல்லும் கேளாது, உறுப்பினர் ஒருவரை அனுப்ப முடிந்தது என்பதே சிந்தனைக்குரியது. உறுப்பினரைப் பின்தொடர்ந்து ஆசனமும் கட்சி மாறிற்று. வாக்காளன் மாத்திரம் நின்ற இடத்திலேயே நின்றான்.

இதன் மறுபக்கத்தை 1983ஆம் ஆண்டிலே காணலாம். பாராளுமன்றத்தின் ஆயுளை நீடிப்பதற்கு 1982 டிசம்பரிலே நடைபெற்ற மக்கள் தீர்ப்பின் பின், தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத பதவி விலகற் கடிதங்களை முன்னரே பெற்றிருந்த ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனா, அவர்களிற் சிலரைப் பதவி துறக்கச் செய்தார். கட்சி எவரையும் பெயர் குறியாதவிடத்து இடைத்தேர்தல் நடத்தலாம் என யாப்பு ஐந்தாவது முறையாகத் திருத்தப்பட்டது. 1983 மே 18ஆந் திகதி 18 தொகுதிகளிலே இடைத்தேர்தல் நடைபெற்றது. அவற்றுள் 14 தொகுதிகளை ஆளுங் கட்சி பெற்றது. மக்களிடம் போவதா போகாமல் விடுவதா என்பதையே கட்சித் தலைமை தீர்மானிக்கும் நிலை அது. கேட்க விரும்பியபோது மாத்திரம் கேட்கப்படும் கருத்து உரிமையாகாது, அது சலுகை.

பதினான்காவது திருத்தம் 1988ஆம் ஆண்டு நிறைவேறிய பின், இன்று வரையில் நிலவும் ஒழுங்கு உருவாயிற்று. 225 உறுப்பினருள் 196 பேர் மாவட்டங்களிலிருந்து விருப்பு வாக்குகளின் அடிப்படையிலே தெரிவாகின்றனர். 29 பேர் தேசியப் பட்டியல் மூலம் வருகின்றனர். மாவட்ட உறுப்பினர் ஒருவரின் இடம் வெறுமையானால், அதே கட்சிப் பட்டியலிலே அடுத்ததாக அதிக விருப்பு வாக்குகளைப் பெற்றவர் அவ்விடத்துக்கு உரியவராகின்றார். இங்கே வாக்காளனது விரற்பதிவு முழுவதாக அழிந்துவிடவில்லை. அவன் முன்பே இட்ட புள்ளடிகளே வரிசையைத் தீர்மானிக்கின்றன. மட்டக்களப்பிலே 2020ஆம் ஆண்டு தெரிவான நஸீர் அஹமட், கட்சியின் முடிவுக்கு மாறாக வரவுசெலவுத் திட்டத்தை ஆதரித்தமைக்காக ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரசினின்றும் நீக்கப்பட்டார். அந்நீக்கம் செல்லுபடியாகும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஒக்டோபரிலே தீர்ப்பளித்தபோது, அலி ஸாஹிர் மௌலானா அவ்விடத்துக்கு வந்தார். அவர் தலைமையின் தயவினால் வந்தவரல்லர்; வரிசையிலே அடுத்து நின்றவர்.

தேசியப் பட்டியல் இத்தகையதன்று. தேர்தலுக்கு முன்னர் கட்சிகள் தம் பட்டியலைக் கையளிக்கின்றன. அது வர்த்தமானியிலும் வெளியாகின்றது. பட்டியலிலோ மாவட்ட வேட்பு மனுக்களிலோ பெயர் உள்ளவரே அப்பட்டியல் மூலம் தெரிவாகலாம் என்று யாப்பு கூறுகின்றது. ஆனால் பின்னர் வெற்றிடம் ஏற்படும்போது, கட்சியின் எந்த உறுப்பினரையும் செயலாளர் பெயர் குறிக்கலாம் எனப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின் ஓர் உறுப்புரை இடந்தருகின்றது. முன்வாசலிலே காவல் வைத்துவிட்டு வேலியிலே பொட்டு வைத்திருப்பதைப் போன்றது இது. 2015ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே தனிக் கட்சியாகப் போட்டியிட்டு ஓர் ஆசனமும் பெறாத சரத் பொன்சேகா, 2016ஆம் ஆண்டு ஐக்கிய தேசியக் கட்சியின் தேசியப் பட்டியல் வெற்றிடத்தின் மூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது இந்தப் பொட்டு வழியாகவே. 2020ஆம் ஆண்டுத் தேர்தலிலே நாடு முழுவதும் ஒரேயொரு தேசியப் பட்டியல் ஆசனத்தை மாத்திரம் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி, அதனை ஏறத்தாழப் பத்து மாதங்கள் நிரப்பாமலே வைத்திருந்தது. 2021 யூனிலே ரணில் விக்கிரமசிங்க அவ்விடத்துக்கு வந்தார். மறு ஆண்டு மே மாதம் பிரதமரானார். யூலையிலே பாராளுமன்றத்தின் வாக்கெடுப்பால் ஜனாதிபதியுமானார். ஒரு கட்சிச் செயலாளரின் கடிதம் நாட்டின் அதியுயர் பதவிக்குப் படியாகலாம் என்பதை இது காட்டுகின்றது. வெற்றிடம் நிரப்புவது அலுவலகக் காரியம் என்று இனியும் கூறமுடியுமா?

எனினும், இதனைக் கொண்டு கட்சி நியமனத்தை முற்றாகத் தள்ளிவிடுவது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. தமிழ் மக்களுடைய பிரதிநிதித்துவத்திலே வெற்றிடங்கள் பல இயற்கையால் ஏற்பட்டவையல்ல. துப்பாக்கியாலும் குண்டாலும் ஏற்பட்டவை. தேசியப் பட்டியல் உறுப்பினராயிருந்த அ. அமிர்தலிங்கம் 1989 யூலையிலே கொல்லப்பட்டபோது அவ்விடத்துக்கு மாவை சேனாதிராசா வந்தார். பத்தாண்டுகளின் பின், 1999 யூலையிலே நீலன் திருச்செல்வம் கொல்லப்பட்டபோதும் அவரே அவ்வெற்றிடத்துக்கு நியமிக்கப்பட்டார். 2005ஆம் ஆண்டு நத்தார் ஆராதனையின்போது ஜோசப் பரராஜசிங்கம் மட்டக்களப்புத் தேவாலயத்திலே சுடப்பட்டார். அவருடைய தேசியப் பட்டியல் இடம் மறு ஆண்டிலே சந்திரகாந்தன் சந்திரநேருவால் நிரப்பப்பட்டது. 2006 நவம்பரிலே நடராஜா ரவிராஜ் கொழும்பிற் கொல்லப்பட்ட பின் என். ஸ்ரீகாந்தா யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினரானார். இக்காலங்களிலே வடக்கிலோ கிழக்கிலோ இடைத்தேர்தல் ஒன்று நடைபெற வேண்டியிருந்திருப்பின், அது எத்தகைய தேர்தலாக இருந்திருக்கும்? மேடை ஏற அஞ்சும் வேட்பாளரும், சாவடிக்குப் போக அஞ்சும் வாக்காளரும், ஒருகால் இன்னுமொரு மரணமும் அதன் விளைவாக இருந்திருக்கக்கூடும். கொலை செய்தவன் ஓர் ஆசனத்தைப் பறித்துவிட முடியாது, சில வாரங்களிலோ மாதங்களிலோ அதே கட்சியின் இன்னொரு குரல் அங்கே ஒலிக்கும் என்னும் உறுதியைத் தந்தது இந்தச் சட்டமே. காங்கேசன்துறை மக்கள் இரண்டாண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்ததைப் போல இவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்றில்லை.

அன்றியும், சிதறி வாழும் சிறுபான்மையினருக்குக் கட்சியின் நியமன உரிமை நீதி வழங்கும் கருவியாகவும் பயன்படலாம். 2020ஆம் ஆண்டுத் தேர்தலிலே அம்பாறை மாவட்டத்துத் தமிழர் வாக்குகள் பிரிந்து, ஒரு தமிழரும் தெரிவாகாத நிலை ஏற்பட்டபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு தனக்குக் கிடைத்த ஒரே தேசியப் பட்டியல் இடத்தை அம்மாவட்டத்துக்கே வழங்கிற்று. 2013ஆம் ஆண்டு வட மாகாண சபையிலே கிடைத்த இரண்டு மேலதிக ஆசனங்களுள் ஒன்று முஸ்லிம் ஒருவருக்கு வழங்கப்பட்டது. மற்றையதை ஆண்டுக்கொருவராகச் சுழற்சி முறையிலே பகிர்வதென முடிவாயிற்று. முன்னையது பொதுநோக்கின் விளைவு; பின்னையது பங்காளிக் கட்சிகளின் பங்கீட்டின் விளைவு. ஒரே கருவி இரு நோக்கங்களுக்கும் இடங்கொடுத்தது. அறுவடையைப் பகிர்வதைப் போல ஆசனத்தைப் பகிரும்போது, உறுப்பினர் தம் கடமையைக் கற்றுக்கொள்ளுமுன்னரே பதவிக்காலம் முடிந்துவிடும்.

ஆகவே பிரச்சினை கட்சி நிரப்புவதா, மக்கள் நிரப்புவதா என்பது மட்டுமன்று. கட்சி என்பது எவர் என்பதும் ஆகும். சட்டத்தின் கண்ணிலே கட்சி என்பது அதன் செயலாளரின் கையொப்பம். மத்திய குழு கூடிற்றா, மாவட்டக் கிளை கேட்கப்பட்டதா, எவர் எவரின் பெயர்கள் முன்மொழியப்பட்டன என்பன பற்றிச் சட்டம் வினவுவதில்லை. இதனாலேயே தேர்தல் முடிந்த மறுநாள் தொடக்கம் தேசியப் பட்டியலைச் சுற்றிப் பிணக்குகள் தோன்றுவதும், ஒரே கட்சியின் இரு சாராரும் தத்தம் கடிதங்களோடு தேர்தல் அலுவலகத்துக்கு ஓடுவதும் நிகழ்கின்றன. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே சட்டசபை உறுப்பினர் ஒருவரின் இடம் வெறுமையானால், அதனை நிரப்பும் உரிமை அங்கும் அவருடைய கட்சிக்கே உரியது. ஆயினும் அதனைச் செய்வது தலைமைச் செயலகம் அன்று. அத்தொகுதியின் ஒவ்வொரு வாக்கெடுப்பு வட்டாரத்திலும் உள்ள கட்சிக் குழுவினர் ஓரிடத்திற் கூடி, விண்ணப்பித்தோரின் பேச்சைக் கேட்டு, இரகசிய வாக்கெடுப்பாற் பெரும்பான்மை பெற்றவரைத் தெரிவு செய்கின்றனர். அக்குழுவினரிற் பலர் கட்சியின் முதனிலைத் தேர்தலிலே வாக்காளராலே தெரிவானவர்கள். அங்குங்கூடப் பல்லாயிரம் வாக்காளருக்குப் பதிலாகச் சில பத்துப் பேரே முடிவு செய்கின்றனர் என்னும் குறை உண்டு. ஆனால் அந்தச் சிலரும் அத்தொகுதியிலேயே வாழ்பவர்கள். மறுநாட் காலை அயலவர் முகத்திலே விழிக்க வேண்டியவர்கள்.

இவ்வனுபவங்களினின்றும் பெறப்படுவன தெளிவானவை. மாவட்ட வெற்றிடங்களுக்கு விருப்பு வாக்கு வரிசை போதுமான நியாயத்தை உடையது; அதனைப் பேணுதல் வேண்டும். தேசியப் பட்டியலின் வெற்றிடங்கள், தேர்தலுக்கு முன்னர் மக்களுக்குக் காட்டப்பட்ட பெயர்களுள் இருந்தே நிரப்பப்படுதல் வேண்டும். வேலியின் பொட்டு அடைபடுதல் வேண்டும். ஆசனத்தை மாதக் கணக்கில் வெறுமையாக வைத்திருப்பதற்கு எக்கட்சிக்கும் இடமிருத்தல் ஆகாது. கட்சி பெயர் குறிக்கும்போது, அம்முடிவை எடுத்த குழு எது, அது எந்நாளிற் கூடிற்று என்பதையும் கடிதத்தோடு அறிவிக்க வேண்டும். இவற்றுள் முதல் மூன்றும் சட்டத்தின் பொறுப்பு. நான்காவது, சட்டம் வரும்வரை காத்திராது எந்தக் கட்சியும் இன்றே தொடங்கக்கூடியது. தன் மாவட்டக் கிளையின் கருத்தைக் கேட்பதற்கு அஞ்சும் கட்சி, அதே மாவட்டத்து மக்களின் கருத்தை ஐந்தாண்டுக்கொருமுறை கேட்பதும் கட்டாயத்தினாலேயன்றி விருப்பத்தினாலன்று.