ஒரே பெயர், இரண்டு அகலங்கள்

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் நேரம் என்பது ஒரு முழு எண்: 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கை. அந்த எண்ணைக் கெர்னலும் நிரல்களும் பரிமாறிக்கொள்ளும் தரவு வகைக்கு ‘டைம்_டி’ என்று பெயர். 32 பிட் கணினிகளில் நெடுங்காலம் அதன் அகலமும் 32 பிட்டாகவே இருந்தது. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07க்கு அதன் கொள்ளளவு தீரும். அடுத்த நொடியில் எண் எதிர்மறையாகித் தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

அகலத்தை 64 ஆக்குவது மூல நிரலில் ஒரு வரித் திருத்தம்தான். ஆனால் தொகுத்து முடித்த நிரலில் வகையின் பெயர் எஞ்சுவதில்லை. எத்தனையாவது பைட்டில் எது தொடங்குகிறது என்பதே எஞ்சுகிறது. பழைய நிரல் 4 பைட் இடம் ஒதுக்கியிருக்க, கெர்னல் 8 பைட் எழுதினால், மிகுதி பக்கத்திலுள்ள வேறு தரவின் மேல் விழும். பிழைச் செய்தி வருமென்ற உறுதியும் இல்லை. ஒரு சொல்லை இரு வட்டாரத்தார் வெவ்வேறு பொருளில் ஆண்டால், கேட்பவர் முகம் சுளிப்பதைக் கண்டாவது ஐயம் எழும். இங்கே சுளிப்பதற்கு முகம் இல்லை.

ஓபன்பிஎஸ்டி 2014இல், 5.5 பதிப்பில், எல்லாக் கணினி வகைகளிலும் ஒரேயடியாக 64 பிட்டுக்கு மாறியது. கெர்னலும் அடிப்படை நிரல்களும் ஒரே குழுவின் கையில் இருந்ததால் அது இயன்றது. லினக்ஸுக்கு அந்த வசதி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கெர்னல் உடைக்கலாகாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாகக் காக்கும் விதி. ஆகவே பழைய அழைப்புகள் அப்படியே விடப்பட்டு, 64 என்னும் பின்னொட்டுடன் புதியவை 2019இல் 5.1 பதிப்பில் அருகே வைக்கப்பட்டன.

அவற்றுள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. நேரத்தைச் சுமக்கும் கட்டமைப்பில் நொடியை அடுத்து நானோநொடி வரும். அது ‘லாங்’ வகையாக இருக்கவேண்டும் என்றது அன்றைய சி மொழித் தரம். 32 பிட் கணினியில் லாங் என்பது 32 பிட். புதிய அழைப்புகளிலோ அதற்கும் 64 பிட் இடம் வகுக்கப்பட்டது. இடைவெளியை நூலகம் 4 பைட் வெற்றிடத்தால் நிரப்புகிறது. அந்த வெற்றிடத்தைத் துடைத்து அனுப்பும் கடமை எந்த நிரலுக்கும் இல்லை. உள்ளே கிடக்கும் குப்பையையும் சேர்த்து எண்ணாகப் படித்தால், முறையான அழைப்புகூடச் செல்லாததாகிவிடும். எனவே 32 பிட் நிரல் தருவதன் மேற்பாதியைக் கெர்னல் பொருட்படுத்துவதே இல்லை. அழகான தீர்வு என்று சொல்ல இயலாது. ஆயினும் தரத்தையும் மீறாமல் நிரலையும் உடைக்காமல் இருக்க அதுவே பொருத்தமாகத் தெரிகிறது.

பல ஆண்டுகள் ஓடவேண்டிய 32 பிட் கருவிகளுக்கே இவ்வளவு உழைப்பும். டெபியன் தன் 32 பிட் ஆர்ம் தொகுப்புகளை 2024இல் மாற்றத் தொடங்கியது. ஐ386ஐ மட்டும் வேண்டுமென்றே தொடவில்லை. பழைய நிரல்களை ஓட்டுவதற்காகவே அது இன்னும் வைக்கப்பட்டிருக்கிறது.