காருக்கும் அளவுச் சாப்பாடுதான்!

அகல் விளக்கில் நாம் விளிம்பு வரை எண்ணெய் வார்ப்பதில்லை. வார்த்தால் திரி முழுகி, சுடர் தடுமாறி, விளக்கே அணைந்துவிடும். எண்ணெய் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல் என்பது நம் பூஜை அறையிலேயே படித்த பாடம். ஆனால் வாசலில் நிற்கும் காரைப் பற்றிப் பேச்சு வந்ததும் பாடம் மறந்து போகிறது. "கொஞ்சம் கூடத்தான் இருக்கட்டுமே, என்ன குடி முழுகிப் போகிறது?" என்கிறோம்.

குடி முழுகாது, எஞ்சின் முழுகும்!

எஞ்சினின் அடியில் எண்ணெய்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குச் சற்று மேலே கிராங்க் ஷாப்ட் என்ற கனத்த தண்டு, வண்டி ஓடும்போது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றுகிறது. மட்டம் அளவோடு இருந்தால் தண்டு எண்ணெயைத் தொடாது. அதிகம் உயர்ந்துவிட்டாலோ, மத்து தயிரைக் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கிவிடும். நுரை என்றால் காற்றும் சேர்ந்ததுதானே? பம்பு அந்த நுரையை இழுத்து அனுப்பினால், உலோகத்தோடு உலோகம் உராயாமல் காக்க வேண்டிய எண்ணெய்ப் படலம் நிற்காது. மிஞ்சிய எண்ணெய் சிலிண்டருக்குள் போய் எரிந்து நீலப் புகையாக வெளிவரும்.

அந்த நீலப் புகையை நான் கண்ணால் பார்த்த இடம் கொல்லிமலைச் சோளக்காடு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பலாவும் அன்னாசியும் விற்கும் அந்தச் சந்தை ஊருக்குள் எங்கள் கார் நுழைந்தபோது, பின்னால் புகை துரத்திக்கொண்டு வந்தது. முந்தின நாள்தான் சமவெளியில் ஒரு பட்டறையில் எண்ணெய் மாற்றியிருந்தோம். எங்கள் சிறிய காருக்கு வேண்டியது 3 லிட்டரும் சொச்சமும். டப்பாவோ 4 லிட்டர். மிச்சம் வைப்பானேன் என்று தாராள மனசோடு முழுவதையும் கவிழ்த்துவிட்டார்கள் பட்டறைக்காரர்கள்!

சோளக்காட்டில் மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர், காரைச் சமதரையில் நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிஷம் காத்திருந்தார். பிறகு அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்துப் பார்த்தார். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு எண்ணெய்!

"எண்ணெய் ரொம்பக் கொறஞ்சா சிவப்பு விளக்கு எரியுமுங்க அக்கா. கூடினா அனேக வண்டியிலே எந்த விளக்கும் எரியாதுங்க" என்றார்.

பொழுது சாய்கிற நேரம். "இனிமேல் இறக்கம்தானே, எஞ்சினுக்கு என்ன வேலை?" என்று புறப்படத் துடித்தார் என் கணவர். வேலை இருக்கிறது, சகோதரிகளே! மலை இறங்கும்போது, கீழ் கியரில், எஞ்சின்தான் வண்டி பாய்ந்து ஓடாமல் பிடித்து வைக்கிறது. அப்போதும் தண்டு வேகமாகவே சுற்றும். நடு வளைவில் எஞ்சின் நின்றுபோனால், பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் அது தருகிற உதவியும் நின்று, இரண்டும் கல்லாகக் கனக்கும். பின் ஸீட்டிலோ என் மாமியாரும் இரண்டு குழந்தைகளும்.

"எண்ணெயை எடுத்துட்டே போவோம், தம்பி" என்று தீர்ப்புச் சொன்னவர் மாமியார்தான்.

அளவுக் கம்பி போகும் குழாய்க்குள் மெல்லிய ரப்பர் குழாயை விட்டு, மாட்டுக்கு ஊசி போடும் பெரிய ஸிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தார் அந்த இளைஞர். தடவைக்கு 50 மில்லி. மாமியார் விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டாவது தடவையில் மட்டம் மேல் கோட்டுக்கு வந்து நின்றது. எடுத்ததை அவர் தரையில் கொட்டாமல் புட்டியில் அடைத்து வைத்தார். அந்த மலையில் ஓடும் ஐயாறுதான் ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. மண்ணில் கொட்டிய எண்ணெய் கடைசியில் தண்ணீரில்தான் போய்ச் சேரும். ஓடிய எஞ்சினிலிருந்து எடுத்த எண்ணெய், 2016-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகளின்படி அபாயகரமான கழிவு.

இனி உங்கள் வீட்டுக் கார் விஷயம். சரிவில் நிற்கும் வண்டியின் கம்பி பொய் சொல்லும்; சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சற்றுப் பொறுத்தே பாருங்கள். மேல் கோட்டுக்கு மேல் ஒரு நூலிழை என்றால் பயமில்லை. நன்றாகத் தாண்டியிருந்தால் வண்டியை ஓட்டாமல், உறிஞ்சியோ அடித் தொட்டியின் போல்ட்டைத் தளர்த்தியோ எடுக்கச் சொல்லுங்கள்.

யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் இன்னும் ஜாக்கிரதை! கம்பியில் டீசல் வாசனை அடித்தால் எரிபொருள் கலந்திருக்கலாம். புகை வடிகட்டி உள்ள புதிய டீசல் கார்களைக் குறுகிய தூரமே ஓட்டிக்கொண்டிருந்தால் இப்படி நேர்வதுண்டு. பால் விட்ட காப்பி நிறம் தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். இரண்டுக்கும் வெறுமே உறிஞ்சி எடுப்பது மருந்தல்ல. நல்ல மெக்கானிக்கிடம் காட்டத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி ஒன்று உண்டு. எண்ணெய் மாற்றிய இடத்திலேயே, பணம் கொடுக்குமுன், "அந்தக் கம்பியை ஒரு தடவை காட்டுங்கள்" என்று கேளுங்கள். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். பால்காரரிடம் தினமும் அளவு பார்த்து வாங்குகிறவர்களுக்கு இதில் என்ன கூச்சம்?