கதை எங்கே கிடைக்கிறது?

(பதினோராம் வகுப்பு மாணவியர்)

"ஆண்டு மலருக்கு ஆளுக்கொரு சிறுகதை எழுதி வாருங்கள்" என்று தமிழாசிரியை கூறியபோது எங்கள் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. கட்டுரை என்றால் குறிப்புச் சட்டகம் வேண்டும், முன்னுரை முடிவுரை வேண்டும். கதைக்கு என்ன? கற்பனை இருந்தால் போதாதா? ஒரே வாரத்தில் பதினேழு கதைகளை எழுதி, நூலால் கட்டி ஆசிரியையின் மேசைமேல் வைத்துவிட்டோம்.

மறுவாரம் அந்தக் கட்டு அப்படியே திரும்பி வந்தது. ஆசிரியை கோபிக்கவில்லை. "பதினேழில் ஒன்பது கதைகள் கொடைக்கானலில் நடக்கின்றன. உங்களில் எத்தனை பேர் கொடைக்கானலைப் பார்த்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். இரண்டே கைகள் உயர்ந்தன. "இராயபுரத்தில் நடக்கும் கதை ஒன்றுகூட இல்லையே, அம்மா!" என்றார்.

நாங்கள் தலை குனிந்தோம். காசிமேட்டிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் நாள்தோறும் பள்ளிக்கு வருகிறோம். கண்டெய்னர் லாரிகளுக்கிடையே பேருந்து நிற்கும். கருவாட்டு மணம் வீசும். சட்டைக் காலரில் கரி படியும். இதில் கதைக்கு என்ன இருக்கிறது என்றே எண்ணியிருந்தோம்.

எழுத்தாளர்கள் கதைகளை எங்கிருந்து பெற்றார்கள் என்று அறிந்து வரும்படி ஆசிரியை எங்களை நான்கு குழுக்களாகப் பிரித்து நூலகத்திற்கு அனுப்பினார்.

முதற்குழுவிற்குக் கிடைத்தவர் புதுமைப்பித்தன் (1906–1948). 'என் கதைகளும் நானும்' என்ற கட்டுரையில் அவர் தம் எழுத்தைப் பற்றிப் பேசுகிறார். எழுதாத கதைகள் பல எப்போதும் நெஞ்சில் கிடந்தன என்றும், அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துத்தான் விரைவாக எழுத முடிந்தது என்றும் கூறுகிறார். கிடங்கு என்றவுடன் எங்களுக்குத் துறைமுகத்துக் கிடங்குகள் நினைவுக்கு வந்தன. சரக்கு வந்து சேர்ந்திருந்தால்தானே வெளியே எடுக்க முடியும்?

இரண்டாம் குழு ஜெயகாந்தனை (1934–2015) எடுத்துக்கொண்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அச்சகத்தில் பிழை திருத்தியவர். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றவர். தம் தொகுதிகளுக்கு எழுதிய முன்னுரைகளில், இக்கதையை ஏன் எழுதினேன் என்று வாசகரோடு நேருக்கு நேர் வாதாடுகிறார்.

மூன்றாம் குழுவிற்கு அசோகமித்திரன் (1931–2017). தியாகராய நகர் நடேசன் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். நம் ஊரின் தண்ணீர்ப் பஞ்சத்தையே 'தண்ணீர்' என்னும் நாவலாக்கியவர். குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற நாங்கள், இதுவும் கதையா என்று வியந்தோம்.

நான்காம் குழுவிற்குக் கிடைத்தவர் இராஜம் கிருஷ்ணன் (1925–2014). பதினைந்து வயதில் மணமானவர். 'கரிப்பு மணிகள்' எழுதுமுன் தூத்துக்குடி உப்பளங்களுக்கே சென்று அத்தொழிலாளரோடு பழகியவர். 'அலைவாய்க்கரையில்' நாவலில் மீனவர் வாழ்வை எழுதியவர். 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973-இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர்.

அன்று வகுப்பில் பெரிய விவாதம் நடந்தது. கதை தானாக வருமா, தேடிப் போக வேண்டுமா? முடிவு காணாமலே மணி அடித்துவிட்டது.

இம்முறை எங்களுள் ஒருத்தி உண்மை நிகழ்ச்சி ஒன்றை எழுதி வந்தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதே, அதைப் பற்றிய கதை. ஒரு மீனவர் வீட்டில் படகும் வலையும் கறுத்துப் போகின்றன, தாய் அழுகிறாள். படித்து முடித்ததும் நாங்கள் கைதட்டினோம். ஆனால் கடைசி வரிசையில் இருந்த தோழி கைதட்டவில்லை. அது அவள் வீட்டுக் கதை. மதிய உணவு வேளையில் எங்களிடம் ரகசியமாகச் சொன்னது.

"எங்க அம்மாவைக் கேட்காம எங்க வீட்டுக் கதையை எப்படி எழுதலாம்?" என்றாள். நான்கு நாட்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நாங்களும் இரு கட்சியானோம். ஊருக்கே தெரிந்த துயரத்தைத்தானே எழுதினாள் என்றனர் சிலர். கைதட்டல் நமக்கு, கண்ணீர் அவர்களுக்கா என்றனர் மற்றவர்.

நான்காம் குழுவைச் சேர்ந்தவள்தான் வழி சொன்னாள்: "இராஜம் கிருஷ்ணன் நேரில் போய்த்தானே கேட்டார்? நாமும் போவோம்."

தலைமைச் சகோதரியிடம் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை ஆசிரியையுடன் எண்ணூர் சென்றோம். திண்ணையில் அமர்ந்து, தோழியே தன் தாயாருக்குக் கதையைப் படித்துக் காட்டினாள். எழுதியவளுக்கோ கை நடுங்கியது. அம்மா முழுவதும் கேட்டார்கள்.

"நல்லாத்தான் கீது, கண்ணு. ஆனா இதுல அந்த எண்ணெ நாத்தமே இல்லியே! மண்ணெண்ணெய ஊத்தித் தேச்சுத் தேச்சு கையெல்லாம் வெந்து போச்சு. நான் எங்க அழுதேன்? அழுவ ஏது நேரம்? அத்த எழுது" என்றார்கள்.

பிறகு அந்த நாட்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். எண்ணெயைக் குவளையால் மொண்டு வாளியில் ஊற்றியது. புது மீனைக் கூடையில் கொண்டுபோனாலும் எண்ணூர் மீன் என்றதும் வாங்க வந்தவர்கள் விலகிப் போனது. வலையை எறியவும் மனமின்றி, வைத்திருக்கவும் வழியின்றி வாசலில் போட்டு வைத்தது. எந்தக் கற்பனையாலும் இவற்றை நாங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது. ஒரே ஒரு செய்தியை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். எழுதவில்லை. அது என்னவென்று இங்கும் சொல்லமாட்டோம்.

திரும்பும் வழியில் பேருந்தில் தோழியர் இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து கதையைத் திருத்தினர். தாய் அழும் காட்சியை அடித்துவிட்டனர். இப்போது அவள் வலை கழுவுகிறாள், அவ்வளவுதான். அதைப் படித்தபோது அழுதவர்கள் நாங்கள்!

அக்கதை இம்மலரில் இருவர் பெயரிலும் வெளிவருகிறது. கொடைக்கானல் கதைகள் ஒன்பதையும் நாங்களே திரும்ப வாங்கிக்கொண்டோம். கதை தானாக வருமா, தேடிப் போக வேண்டுமா என்ற கேள்விக்கு இன்னும் எங்களிடையே ஒருமித்த விடை இல்லை. ஆயினும் பிறர் வீட்டுக் கதையை எடுக்குமுன் வாசலில் நின்று கேட்க வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொண்டோம். கேட்டால் கதவு திறக்கிறது. உட்காரச் சொல்லித் தேநீரும் தருகிறார்கள்.