களவா, நன்றிக்கடனா?

"மறைந்த ஒருவரின் மெட்டைப் பிறர் எடுத்தாள்வது களவன்றோ?" எனச் செவ்வாப்பேட்டைப் பாடகர் குழு இளைஞர் ஒருவர் என்னை வினவினார்.

அன்பர்களே, ஜெர்மானிய இசைமேதை பாக், தனி வயலினுக்கான துள்ளலான முன்னிசையொன்றை 1720-இல் தம் கைப்பட எழுதி வைத்தார். 1731-இல் லைப்சிக் நகர ஆலயமொன்றில், எக்காளமும் முரசும் சூழ, அவரே அதனை ஆர்கன் இசையாக மாற்றி ஒலிக்கச் செய்தார். 1986-இல் நம் இளையராஜா, 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பில், அம்முன்னிசையோடு தம் வயலின் குழுவின் இசையைப் பின்னினார். தொகுப்பையே பாக்குக்கும் தியாகராஜருக்கும் காணிக்கையாக்கினார்.

மூலவரின் பெயரை மறைப்பதே களவு. பெயரை உரக்கச் சொல்லி, மெட்டின் உயிர் குன்றாமல் வளர்ப்பது நன்றிக்கடன். தந்தை விட்டுச்சென்ற நிலத்தை வேலியிட்டுக் காப்பவனினும், உழுது விளைவிப்பவனே அவருக்குப் பெருமை சேர்க்கிறான்.