மாண்டரின் மீனுக்குச் சாப்பாடு என்ன?

கடல் மீன் விற்கும் கடையில் மாண்டரின் இருக்கும் தொட்டியைத் தாண்டிப் போவது கஷ்டம். விரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பில் ஆரஞ்சுக் கோடுகள் சிக்குக் கோலம் போல வளைந்து வளைந்து ஓடும். பெரும்பாலான மீன்களில் நாம் பார்க்கும் நீலம், வெளிச்சம் பட்டுச் சிதறுவதால் வரும் ஜாலம். மாண்டரினுக்கோ தோலிலேயே நீல நிறமி இருக்கிறது. முதுகெலும்புள்ள உயிர்களில் இது மிக அபூர்வம். அந்தக் காலச் சீன அதிகாரிகளின் பட்டு அங்கியை நினைவூட்டுவதால் இந்தப் பெயர். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கத்துப் பவளத் திட்டுகள்தான் இதன் சொந்த ஊர்.

செதில் கிடையாது. நாற்றமடிக்கும் வழவழப்பு ஒன்று உடம்பை மூடியிருக்கும். அதனால் மற்ற மீன்களுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய் இதை அவ்வளவு சுலபமாக அண்டுவதில்லை. கடைக்காரர் முதலில் சொல்வதும் இதைத்தான். "நோய் வராதுங்க, சண்டையும் போடாது." பக்கத்தில் இன்னோர் ஆண் மாண்டரின் இல்லாதவரை இரண்டுமே ஓரளவு உண்மை. இது என்ன சாப்பிடும் என்பதை மட்டும் அவரும் சொல்வதில்லை, வாங்குகிறவரும் கேட்பதில்லை.

இதன் உணவு கோபிபாட். இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த பொடிப்பொடி உயிர். வெறும் கண்ணுக்கு நகரும் புள்ளியாகத் தெரியும். பாறை இடுக்கிலும் மணலிலும் ஊர்ந்து திரியும். மாண்டரின் பகல் முழுக்கப் பாறை பாறையாக நகர்ந்து, உற்று உற்றுப் பார்த்து, ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். வேளைக்குச் சாப்பிடும் வழக்கமே அதற்கு இல்லை.

இதை 60 லிட்டர் தொட்டியில் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் பழகிய தொட்டியென்றால் பாறையில் கோபிபாட் இருக்கத்தான் செய்யும். முதல் சில வாரம் மீன் சுறுசுறுப்பாகக் கொத்தித் திரியும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அவை பெருகும் வேகத்தைவிட மீன் தின்னும் வேகம் அதிகம். ஒருநாள் பாறை காலியாகிவிடும். அப்போதும் மீன் கொத்துவதை நிறுத்தாது. பார்ப்பவர்களை ஏமாற்றுவது இதுதான். சாப்பிடுகிறது என்று நினைப்போம். அதுவோ வெறும் பாறையைக் கொத்திக்கொண்டிருக்கும். வயிறு ஒட்டி, தலைக்குப் பின்னால் குழி விழுந்த பிறகுதான் விஷயம் புரியும். அந்த நிலைக்கு வந்த மீனைத் தேற்றுவது பெரும்பாடு. பிறகு "ஏதோ நோய்" என்று முடிவுகட்டி, அடுத்த மாதம் இன்னொன்று வாங்கி வருகிறவர்களும் உண்டு.

"பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்று பிள்ளைகளைப் பற்றிச் சொல்வோமே, அது இங்கே செல்லாது. மிதக்கும் குருணைத் தீவனத்தை உணவு என்றே மாண்டரினுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பந்தியில் இடம் கிடைக்காது. கோமாளி மீன்கள் பந்திக்கு முந்துகிறவை. மாண்டரின் தலையைச் சாய்த்து யோசித்து முடிப்பதற்குள் இலை காலி. சரி, நிறையப் போட்டுவிடலாம் என்றால், மிஞ்சியது அழுகி அம்மோனியா ஆகும். பெரிய தொட்டியில் அது கொஞ்சம் கரைந்து போகும். சின்னத் தொட்டியில் ஒரே ராத்திரியில் எல்லா மீனுக்கும் ஆபத்து.

இதையெல்லாம் தெரிந்தே வளர்ப்பவர்களின் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் இட்லி மாவுக்குப் பக்கத்தில் பச்சைத் தண்ணீர் பாட்டில் இருக்கும். அது நுண்பாசி, கோபிபாட்டின் தீனி. பால்கனியில் காற்றுக் குழாய் போட்ட ஜாடிகளில் கோபிபாட் வளரும். இன்னொரு பாட்டிலில் ஆர்ட்டீமியா முட்டை. உப்புத் தண்ணீரில் போட்டுக் குமிழி விட்டால் நம்மூர் வெயிலுக்கு ஒரு நாளில் பொரிந்துவிடும். பொரித்த சூட்டோடு கொடுக்க வேண்டும். நேரமானால் குஞ்சுகள் தங்கள் கருவுணவைத் தாங்களே தீர்த்துவிட்டுச் சக்கையாகிவிடும். அதைச் சின்ன வாய்க் கண்ணாடிப் புட்டிக்குள் விட்டு, புட்டியைத் தொட்டியின் அடியில் படுக்க வைப்பார்கள். மாண்டரின் நுழைந்து சாப்பிடும். பெரிய மீன்கள் வெளியே நின்று பார்க்கும். இது தினசரி வேலை. பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போக வேண்டுமென்றால், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சாவியோடு ஒரு பாடமும் எடுத்துவிட்டுத்தான் போக முடியும்.

மாண்டரின் மட்டும் இப்படி இல்லை. மற்ற மீன்களின் உடம்பில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் துப்புரவு மீனை, வாடிக்கையாளர் இரண்டே பேர் உள்ள தொட்டியில் விட்டால் அது எப்படிப் பிழைக்கும்? 'ஃபைண்டிங் நீமோ'வில் பல் டாக்டர் தொட்டியிலிருந்து தப்பிக்கத் துடிக்கும் கில், மூரிஷ் ஐடல் என்ற மீன். கடலில் அதன் முக்கிய உணவு கடற்பஞ்சு. தொட்டிக்கு வந்தபின் எதையும் தொடாமலே செத்துப்போவது அதற்குச் சகஜம். கடல்குதிரைக்கு வயிறே கிடையாது. தின்றது நிற்காமல் குடலுக்குப் போய்விடுவதால் நாளுக்குப் பலமுறை ஊட்ட வேண்டும். இந்தியாவில் அந்தக் கவலைக்கே இடமில்லை. 2001 முதல் கடல்குதிரை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் வலையில் சிக்கியதை யார் ஆசை காட்டி விற்றாலும் வாங்குவது குற்றம்.

ஆசையை விட முடியாதவர்களுக்கு ஒரு வழி, பண்ணையில் பிறந்த மாண்டரின். குஞ்சிலிருந்தே உறைந்த உணவுக்குப் பழக்கியவை வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. விலை கூடுதல், கிடைப்பதும் அரிது. சின்னத் தொட்டிதான் இருக்கிறது, காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்பவர்களுக்குக் கோமாளி மீன்தான் சரி. போட்டதைத் தின்னும். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறது. கடலில் கை வைக்கவே வேண்டாம்.

இதற்குப் பிறகும் மாண்டரின் முன்னால் கால் நின்றுவிட்டால், கடைக்காரரிடம் ஒரு சொட்டு உணவு போடச் சொல்லிப் பாருங்கள். பாறையைக் கொத்துவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். போட்டதைத் தின்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே மேலிருந்து முதுகையும், பக்கத்திலிருந்து வயிற்றையும் பாருங்கள். அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.