ஆப்சென்ட் ரிஜிஸ்டர்

கோவையை ஒட்டிய நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் 18 ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தேன். மூன்று ஷிப்டுக்கும் யார் வந்தார், யார் வரவில்லை என்று பதிய வேண்டும். வராதவர் இடத்துக்கு, கேட்டில் காத்திருக்கும் பதிலிகளில் இருந்து ஆள் அனுப்ப வேண்டும்.

ஆட்கள் ஏன் வரவில்லை என்பதற்கு மேலே இருப்பவர்களிடம் எப்போதும் பதில் உண்டு. கல்யாண மாசம், மாரியம்மன் நோம்பி, சம்பளத்துக்கு மறுநாள். பொய்யில்லை. சம்பளத்துக்கு மறுநாள் நானே நாலு பதிலிகளைக் கூடுதலாக வரச் சொல்லிவிடுவேன். ஆனால் நோம்பி எல்லா டிபார்ட்மெண்டுக்கும் பொது. அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ரிஜிஸ்டரில் தெரிவது அந்தந்த சூப்பர்வைசரின் குணம்தான்.

ஸ்பின்னிங்குக்குப் புதிதாக ஒருவர் வந்தார். ஆறே மாதத்தில் அங்கே ஆப்சென்ட் பாதியாகக் குறைந்தது. மேனேஜர் மீட்டிங்கில் எழுந்து நின்று பாராட்டினார். குறைந்த விதம் எனக்குத் தெரியும். லீவு போட்டுத் திரும்பியவர் அவருடைய ரூம் வாசலில், எல்லோரும் பார்க்க அரை மணி நேரம் நிற்க வேண்டும். பிறகு, இழை அறுந்துகொண்டே இருக்கும் மிஷின் எதுவோ அதில் ஒரு வாரம். பாத்ரூம் போகவும் அவரிடம் கேட்டுத்தான் போக வேண்டும். இதனால் பெண்கள் ஷிப்டில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். ஸ்பின்னிங்கின் வெக்கையில் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நிற்பது என்றால் என்ன என்று உள்ளே போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு அக்கா காய்ச்சலோடு வந்து கார்டை நீட்டினார். கை சுட்டது.

"லீவு போட்டுக்கலாமில்லீங்க அக்கா?"

"போட்டா நாளைக்கு அந்தாளு மூஞ்சியப் பாக்கோணுமே தம்பி. காச்சலே தேவலை."

அடுத்த வருஷம் ஈ.எஸ்.ஐ. சர்டிபிகேட்டுகள் வர ஆரம்பித்தன. முன்பு ஒரு நாள், அரை நாள் லீவுகளாக இருந்தவை இப்போது பத்து நாள், இருபது நாள். இடுப்பு வலி, வயிற்றுப் புண், பிரஷர். ஈ.எஸ்.ஐ.யில் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும் என்பதால் ஏமாற்றுகிறார்கள் என்றார்கள். அந்தச் சலுகை எல்லா டிபார்ட்மெண்டுக்கும்தானே இருந்தது? கார்டிங்கில் தூசி இதைவிட மோசம், அங்கேதான் ஆட்கள் அதிகம் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை.

கார்டிங் சூப்பர்வைசர் சாந்த சொரூபி ஒன்றும் இல்லை. கெட்ட வார்த்தை சரளமாக வரும். ஆனால் ஆட்கள் முதல் நாளே அவரிடம், "நாளைக்கு வர முடியாதுங்கண்ணா" என்று சொல்லிவிடுவார்கள். அவர் என்னிடம் வந்து, "நாளைக்கு ரெண்டு பதிலி வேணுங்க" என்பார். மிஷின் நிற்காது. திரும்பி வந்தவரிடம், "புள்ளைக்குத் தேவலையா?" என்று கேட்டுவிட்டு வேலைக்கு அனுப்புவார். அவ்வளவுதான் அவருடைய நிர்வாகம். ஆப்சென்ட் கணக்கில் அவர் ஒருநாளும் முதலிடம் வந்ததில்லை. ஈ.எஸ்.ஐ. லீவு வேறு கட்டத்தில் பதியப்படும், 'ஏ' என்று விழாது. அதனால் ஸ்பின்னிங்கே கடைசிவரை முதலிடத்தில் இருந்தது.

வெகு காலம் கழித்து, லண்டன் அரசு ஊழியர்களை வைத்து மைக்கேல் மார்மட் நடத்திய வைட்ஹால் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1985இல் 10,308 பேரோடு தொடங்கிய இரண்டாவது ஆய்வு அது. அதிலிருந்து 2005இல் வந்த ஒரு கட்டுரை என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. உடல்நலம் குன்றியிருந்தும் மூன்று வருஷம் ஒரு நாள்கூட சிக் லீவு எடுக்காத ஆண்களுக்கு, அளவாக எடுத்தவர்களைவிட மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்புகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2009இல் ஸ்டாக்ஹோமில் 3,122 ஆண்களைப் பற்றி வந்த ஆய்வில், மேலதிகாரி நல்லவர் என்று மதிப்பெண் போட்டவர்களுக்கு இதய நோய் குறைவு.

லண்டன் குமாஸ்தாவுக்கும் எங்கள் மில்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அவர்களுக்குப் பஞ்சுத் தூசி கிடையாது, வெக்கை கிடையாது, முழு நைட் கிடையாது. எனக்கு அந்த ஆய்வு முக்கியமாகப் பட்டதே அதனால்தான். மில்லில் எதற்கெடுத்தாலும் தூசியைக் காட்டித் தப்பிக்கலாம். அங்கே முடியாது.

அந்த சூப்பர்வைசர் பதவி உயர்வில் வேறு யூனிட்டுக்குப் போனார். அக்கா அதற்கு முன்பே சிறுநீரகத் தொற்றோடு ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தார். திரும்பி வந்த மறுமாதம் கணக்கு முடிக்க என்னிடம் வந்தார். பி.எப். பாரத்தை நான்தான் நிரப்பினேன். விலகும் காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதச் சொன்னார்.